புத்தாக்க மையம் திறந்து 11 மாசம், கதவு மட்டும் திறக்கல. உங்க காலேஜ்ல எப்படிங்க?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம்ங்க. கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல் மூணாம் வருசம். காலேஜ் பேர் வேண்டாம், இன்னும் மூணு செமஸ்டர் அங்கதான் குப்பை கொட்டணும்.

போன வருசம் 'புத்தாக்க மையம்'னு ஒண்ணு திறந்தாங்க. குத்துவிளக்கு, ரிப்பன், ட்ரோன்ல இருந்து பூ தூவுறதுன்னு ஒரே அமர்க்களம். உள்ள 3டி பிரிண்டர் மூணு, லேசர் கட்டர் ஒண்ணு, சின்ன பெஞ்ச் லேத் ஒண்ணு, சால்டரிங் ஸ்டேஷன் ஆறு. எப்படித் தெரியும்னா, கண்ணாடிக் கதவு. வெளியில நின்னு எண்ணினேன்.

உள்ள போகணும்னா கடிதம் எழுதி கிளாஸ் அட்வைசர், எச்.ஓ.டி., டீன், பிரின்சிபால்னு நாலு கையெழுத்து வாங்கணும். வாங்கிட்டுப் போனா, "சாவி வெச்சிருக்கிற சார் ஓ.டி.ல (வெளி வேலையா) போயிருக்காரு"ம்பாங்க. ஆய்வுக் குழு வந்த ரெண்டு நாள் மட்டும் கதவு திறந்துச்சு. அன்னைக்கு எங்களை லேப் கோட் போட்டு உக்கார வெச்சு, நாங்களே பிரிண்ட் பண்ற மாதிரி போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோ இப்ப வெப்சைட் முகப்புல இருக்குது. அதுல சிரிக்கிறது நான்தானுங்க.

நாங்க ஒரு ஏழு பேர் பிரின்சிபாலைப் பாத்து, "மாணவர்களே பாத்துக்கிறோம், தினமும் திறந்து வையுங்க"ன்னு கேக்கலாம்னு இருக்கோம். மத்த காலேஜ்ல எப்படி நடக்குது? என்ன கேக்கணும், என்ன கேக்கக் கூடாது? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

---

கிண்டிக்காரன்

தம்பி, அந்த போட்டோ மேட்டர் சூப்பர். எங்க பேட்ச்லயும் ரெண்டு பேர் இன்னும் பிராஸ்பெக்டஸ்ல சிரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, ஒருத்தனுக்கு இப்ப தலையில முடியே இல்ல.

நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல, அதான் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல, படிச்சவன். 1794ல நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்ச காலேஜ், பழமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எங்க காலத்துல மேக்கர் ஸ்பேஸ் (யார் வேணா வந்து செஞ்சு பாக்குற பொதுப் பட்டறை)ங்கிற வார்த்தையே கிடையாது. ஆனா கேம்பஸ்ல எல்லாருக்கும் பொதுவா ஏதாவது ஒண்ணு இருந்தா என்ன ஆகும்னு அங்கதான் பாத்தேன். 2004 பிப்ரவரியில அண்ணா எஃப்.எம். 90.4 ஆரம்பிச்சாங்க, நாட்டுலயே முதல் வளாக சமுதாய வானொலி. ஸ்டுடியோ பல்கலைக்கழகத்தோடது. மைக்ல பேசினதுல பக்கத்து குடியிருப்புப் பொம்பளைங்களும் பசங்களும் உண்டு. அஞ்சு வருசம் கழிச்சு 2009 ஏப்ரல்ல பி.எஸ்.எல்.வி. சி-12ல அனுசாட் போச்சு. 40 கிலோ செயற்கைக்கோள், இந்தியாவுல ஒரு பல்கலைக்கழகம் செஞ்ச முதல் செயற்கைக்கோள்.

நான் சொல்ல வர்றது, மிஷின் பட்டியலைப் பாத்து மயங்காதீங்க. ஒரு இடம் பொதுவா, உயிரோட இருக்கான்னு பாக்க ஒரே ஒரு கேள்வி போதும்: வேலை இல்லாத ஒருத்தன் சும்மா உள்ள வந்து நிக்க முடியுமா? எங்களுக்கு அப்படி இருந்த இடம் கேன்டீன் பக்கத்து மரத்தடி பெஞ்சு. அதுக்கு நாலு கையெழுத்து கேட்டிருந்தா என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பிறந்தே இருக்காது.

---

பேக்கேஜ்_பாண்டி

இதெல்லாம் பண்ணா பிளேஸ்மெண்ட்ல சம்பளம் எத்தனை எல்.பி.ஏ. (வருசத்துக்கு லட்சம்) கூடும்? மூணாம் வருசம்னா உக்காந்து லீட்கோட்ல கோடிங் கணக்கு போடுங்க பாஸ். 3டி பிரிண்டர்ல பிள்ளையார் பொம்மை பிரிண்ட் பண்ணி ஸ்டேட்டஸ் வைக்கத்தான் எல்லாரும் அலையிறது.

---

மெக்_மீனா

பாண்டி அண்ணே, பிள்ளையார்ல ஆரம்பிச்சாத்தானே எதுவும் விளங்கும்.

நூல்கண்டு, நான் மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல். 64 பேர்ல நாங்க அஞ்சு பொண்ணுங்க. எங்க காலேஜ்ல லேப் ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கு, சாவி பசங்ககிட்டயே இருக்கு. கேட்டா சொர்க்கம்னு தோணுதா? லேடீஸ் ஹாஸ்டல் இன்-டைம் ஆறரை. ஆறு பத்துக்கே வாட்ச்மேன் விசில் அடிச்சுருவாரு. அதனால எங்களுக்கு அந்த லேப் சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் மட்டும்தான். பசங்க ஒன்பது மணிக்கு மேலதான் வண்டி சேஸிஸை வெல்ட் பண்ண ஆரம்பிப்பாங்க. காலையில போய் பாத்தா எல்லா முடிவும் எடுத்து முடிச்சிருப்பாங்க. எங்களுக்கு மிச்சம் இருக்கிறது பி.பி.டி. ஸ்லைடு பண்றது.

அதனால நீங்க பிரின்சிபால்கிட்ட போறப்ப "24 மணி நேரம் வேணும்"னு கேக்காதீங்க. 24 மணி நேரம்னா நடைமுறையில பசங்க ஹாஸ்டலுக்கு மட்டும்னு அர்த்தம். பகல்ல கேளுங்க. இன்னொண்ணு, அந்த பிளாக்ல பொண்ணுங்களுக்கு கழிப்பறை எந்த மாடியில இருக்குன்னு பாத்தீங்களா? எங்க ஒர்க்ஷாப்புல இருந்து எழுந்து, சிவில் பிளாக் தாண்டிப் போகணும். பாத்துட்டு வந்து சொல்லுங்க.

---

நூல்கண்டு

மீனா அக்கா, பாத்தேன்க்கா. அந்த மாடியில ஒண்ணு இருக்குது, ஆனா 'ஸ்டாஃப் மட்டும்'னு பூட்டியிருக்குது. சத்தியமா இது என் மண்டையில உதிக்கவே இல்ல. டே ஸ்காலர் கதையும் இருக்குதுங்க. எங்க காலேஜ்ல பாதிக்கு மேல பஸ்ல வர்றவங்க. 4:40க்கு பஸ் கிளம்பிடும், விட்டா அவிநாசி ரோட்டுல நின்னு டவுன் பஸ்தான்.

---

பழைய_பிட்டர்

எல்லாரும் சாவியை வெச்சிருக்கிறவனைத் திட்டுறீங்க. அந்த சாவியை 31 வருசம் இடுப்புல சொருகி வெச்சிருந்தவன் நான், ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

ஒரு பொருள் காலேஜுக்குள்ள வந்தா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறும். ஏறின பொருள் யார் பொறுப்புன்னு ஒரு கையெழுத்து இருக்கும். வருசா வருசம் வேற டிபார்ட்மெண்ட் ஆள் வந்து எண்ணுவாரு. ஒண்ணு குறைஞ்சா கையெழுத்து போட்டவன்தான் பதில் சொல்லணும். எனக்கு ஒரு தடவை டயல் கேஜ்னு ஒரு அளவுக் கருவி காணாமப் போச்சு. பசங்க யாரும் திருடல, எவனோ ப்ராஜெக்டுக்கு எடுத்துட்டுப் போய் மறந்துட்டான். மூணு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்க. அதுக்கப்புறம் அந்த அலமாரியை நான் எவனுக்கும் திறக்கல. தப்புதான். ஆனா என் இடத்துல நீங்க இருந்தா திறப்பீங்களா?

திறந்து வெச்சா எனக்குப் பாராட்டு கிடையாது. பூட்டி வெச்சா எனக்குத் தண்டனை கிடையாது. அப்ப எந்த லேப் அசிஸ்டெண்ட் திறப்பான்? எல்லா காலேஜ்லயும் கதவு மூடியிருக்கிறதுக்குக் காரணம் இதுதான் தம்பி. பிரின்சிபால் கெட்டவரும் இல்ல, சாவி வெச்சிருக்கிற சார் சோம்பேறியும் இல்ல.

அதனால நீங்க "லேப்பைத் திறங்க"ன்னு கேக்காதீங்க. இப்படிக் கேளுங்க. சின்ன டூல் எல்லாத்தையும், ஸ்க்ரூ டிரைவர், பிளையர், சால்டரிங் அயர்ன் டிப், டிரில் பிட், ஹேக்சா பிளேடு, இதை எல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்து கன்ஸ்யூமபிள் (தீர்ந்து போற சாமான்) கணக்குக்கு மாத்தச் சொல்லுங்க. டிரில் பிட் உடையத்தான் செய்யும், அது உடையறதுக்குன்னே பொறந்தது. வருசத்துக்கு இவ்வளவு ரூபா வரைக்கும் உடையலாம், தொலையலாம், யார் தலையிலயும் விழாதுன்னு பிரின்சிபால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்த ஒரு தாள் போதும். சாவி வெச்சிருக்கிறவர் தானா திறப்பாரு.

---

உதவிப்பேரா

பிட்டர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இப்போது அப்படி ஒரு மையத்துக்கு 'கூடுதல் பொறுப்பு'. வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் அங்கீகாரக் கோப்புகள், அதற்கு மேல் அட்மிஷன் நேரத்தில் பள்ளிப் பள்ளியாகப் போய் ஆள் பிடிக்கும் வேலை. இதற்கு நடுவில் மையம். ஒரு மாணவன் லேசரில் விரலைச் சுட்டுக்கொண்டால் அவன் அப்பாவிடம் பேசப்போவது நான்.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பணம் வரும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது. பள்ளிகளுக்கான அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைப் பாருங்கள். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் என்றால் அதில் 10 லட்சம் சாமான் வாங்க, மீதி 10 லட்சம் ஐந்து வருடம் வரை நடத்த. நடத்துவதற்கும் காசு வேண்டும் என்று அதைப் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கல்லூரி நிர்வாகங்கள் மொத்தப் பணத்தையும் மிஷினில் போட்டுவிட்டு, 3டி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழையான ஃபிலமெண்ட் வாங்க ஆயிரம் ரூபாய் கேட்டால் மூன்று கொட்டேஷன் கேட்கின்றன. மிஷினைப் படம் எடுத்துப் போடலாம், ஃபிலமெண்டைப் படம் எடுத்து என்ன செய்வது?

---

அட்லாண்டா_வாசி

அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல மாஸ்டர்ஸ் பண்ணப்ப இன்வென்ஷன் ஸ்டுடியோன்னு ஒரு இடத்துல பாதி நேரம் கழிச்சவன். 2009ல ஆரம்பிச்சது. 3டி பிரிண்டர், தண்ணியைப் பீச்சி வெட்டுற வாட்டர்ஜெட், மர வேலை, மெட்டல் ஷாப் எல்லாம் உண்டு. மாணவருக்கு இலவசம், வகுப்பு வேலைக்கா சொந்த வேலைக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒருத்தி அவ கல்யாணத்துக்கு மேசை அலங்காரம் வெட்டிக்கிட்டு இருந்தா, யாரும் ஒண்ணும் சொல்லல.

முக்கியமான விஷயம், அதை நடத்துறதே மாணவர்கள்தான். தன்னார்வலரா சேர்ந்து பயிற்சி எடுத்துக்கிட்டு, வாரத்துல சில மணி நேரம் காவல் நிக்கணும். வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும், யாராவது கண்ணாடி போடாம நின்னா வெளியே அனுப்பணும். அதுக்குச் சம்பளம் கிடையாது. பதிலா, மூடின நேரத்துலயும் உள்ள வந்து வேலை பாக்குற உரிமை. ஒரு சாவிதான் கூலி! அதுக்காகவே பசங்க வரிசையில நிப்பாங்க.

பிட்டர் ஐயா சொன்னதையும் இதையும் சேத்துப் பாருங்க. நம்ம ஊர்ல சாவி வெச்சிருக்கிறது சுமை, அங்க அது பரிசு. பேராசிரியர்களும் டெக்னீசியன்களும் பின்னால இருக்காங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா சனிக்கிழமை அவங்க வீட்டுல நிம்மதியா இருப்பாங்க.

---

பேக்கேஜ்_பாண்டி

அமெரிக்கா கதை சொன்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அவங்ககிட்ட காசு இருக்கு பாஸ்.

---

அட்லாண்டா_வாசி

காசுன்னு சொல்றதால ஒரு கதை. பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.ல 'பில்டிங் 20'னு ஒண்ணு இருந்துச்சு. 1943ல போர்க்கால ராடார் ஆராய்ச்சிக்காக அவசரமா மரத்துல கட்டின ஷெட். போர் முடிஞ்சதும் இடிச்சிடுவோம்னு சொல்லித்தான் கட்டினாங்க. 1998 வரைக்கும் நின்னுச்சு. கோடையில வேகும், மழையில ஒழுகும், மாடி நடந்தா ஆடும். அழகுன்னு ஒண்ணும் கிடையாது. அதனாலயே எவனும் யார்கிட்டயும் அனுமதி கேக்காம சுவத்தை ஓட்டை போட்டு வயர் இழுப்பான், தரையை அறுத்து மூணு மாடி உயரத்துக்குக் கருவி நிறுத்துவான். மொழியியல் துறையும் அங்கதான், மாடல் ரயில் கிளப்பும் அங்கதான். அந்த ரயில் கிளப் பசங்கதான் கம்ப்யூட்டரை விளையாட்டா நோண்டி, 'ஹேக்கர்'ங்கிற சொல்லுக்கே உயிர் கொடுத்தவங்க. காசு கொட்டிக் கட்டினது இல்ல அது. யாரும் கவலைப்படாத கட்டடம், அவ்வளவுதான்.

உங்க காலேஜ்லயும் அப்படி ஒரு பழைய ஷெட் இருக்கும். இருக்கா?

---

மெக்_மீனா

எங்க காலேஜ்ல இருக்கு, ஜெனரேட்டர் ரூம் பின்னாடி. ஆனா அதுல உடைஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருக்காங்க. கண்டம் பண்ண, அதான் உதவாதுன்னு கழிச்சுக்கட்ட, ஆர்டர் வரணுமாம், ஆறு வருசமா வரல.

---

அடையாறு_ஆலமரம்

சென்னை ஐ.ஐ.டி.ல சென்டர் ஃபார் இன்னொவேஷன் 2008ல முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணத்துல ஆரம்பிச்சது. மாணவர்களே நடத்துறாங்க, ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் யாராவது சால்டர் பண்ணிக்கிட்டு இருப்பான். அங்க இருந்து போன ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் (காத்தைக் குறைச்ச குழாய்க்குள்ள ஓடுற வண்டி) டீம் 2019ல ஸ்பேஸ் எக்ஸ் போட்டி இறுதிச்சுற்று வரைக்கும் போச்சு. இதெல்லாம் பேப்பர்ல வந்தது.

பேப்பர்ல வராதது ஒண்ணு. ஒவ்வொரு வருசமும் மே மாசம் ஃபைனல் இயர் பசங்க போனதும் பாதி அறிவு அவங்களோட போயிடும். எந்தப் பிரிண்டர்ல எந்த நாஸில் (உருகின பிளாஸ்டிக் வர்ற மூக்கு), எந்த மோட்டார் டிரைவர் புகைஞ்சது, யாருக்கும் தெரியாது. ஜூலையில புதுப் பசங்க முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. ஒரு கனமான நோட்டு வாங்கி மிஷின் பக்கத்துல நூல் கட்டித் தொங்க விடுங்க. வாட்ஸ்அப் குரூப் வேண்டாம், அதுல எல்லாம் 'குட் மார்னிங்'ல புதைஞ்சு போகும்.

---

கணபதி_லேத்

ஏனுங்க, கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு அட்லாண்டாவுக்கும் பாஸ்டனுக்கும் போறீங்க! 1945ல இங்க மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பேருல இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பிச்சப்ப முதல் பிரின்சிபால் யாரு? ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடப் படிப்பையே தாண்டாத மனுசன். நாலு வருசம் எதுக்கு, ரெண்டு வருசம் போதும், மிச்சம் கையில வேலை பாத்துக் கத்துக்கட்டும்னாரு. கவர்மெண்ட் ஒத்துக்கல, அவர் விலகிட்டாரு. பி.எஸ்.ஜி.ல 1926லயே இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், காலேஜ் வந்தது 1951ல. ஃபேக்டரி முன்ன, காலேஜ் பின்ன. பம்பு, மோட்டாரு ஓடுற சத்தத்துக்கு நடுவுல படிச்ச ஊருங்க இது.

எனக்கு கணபதியில லேத் பட்டறை. மாசத்துக்கு நாலஞ்சு ப்ராஜெக்ட் பசங்க வருவாங்க. ஷாஃப்டு கடைஞ்சு குடுங்கண்ணாம்பாங்க. டிராயிங் எங்கன்னு கேட்டா போன்ல படம் காட்டுவாங்க, டாலரன்ஸ், அதான் அளவு கூடக் குறைய எவ்வளவு இருக்கலாம்னு கேட்டா என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் கடைஞ்சு தர்றேன், காசு வாங்கிக்கிறேன், அவங்களுக்கு மார்க்கு வந்துடுது. அவங்க காலேஜ்லயே லேத் சும்மா தூசி அடைஞ்சு கிடக்குதுன்னு எனக்கும் தெரியும். எனக்கு வரும்படிதான், ஆனா பாக்க நல்லா இல்லீங்க.

நூல்கண்டு தம்பி, காலேஜ்ல கதவு திறக்கிற வரைக்கும் சனிக்கிழமை மத்தியானம் நம்ம பட்டறைக்கு வாங்க. வெட்டின இரும்புச் சுருள் கூட்டுறதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

---

மகாவலி_கரை

இலங்கையில இருந்து எழுதுறன். நான் பேராதனையில படிச்சனான். எங்கட பொறியியற்பீடம் 1950ல கொழும்பில தொடங்கி 1964ல பேராதனைக்கு வந்தது. விடுதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பீடம் இந்தப் பக்கம். அக்பர் பாலத்தால நடந்துதான் விரிவுரைக்கு வாறது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு எல்லாத்தையும் விடப் பெரிய பொது இடம் அந்தப் பாலம்தான். சிங்களப் பெடியள், தமிழ்ப் பெடியள், முஸ்லிம் பெடியள் எல்லாரும் பின்னேரம் அதிலதான் நிப்பம். சர்வேயிங் களவேலைக்கு ஆர் ஆரோட குழு எண்டதும் அங்கதான் முடிவாகும். எனக்குச் சிங்களம் வராது, என்ர குழுவில ஒருத்தனுக்குத் தமிழ் வராது. லெவலிங் ஸ்டாஃப் எண்ட அளவுக் கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டு கையாலயே கதைச்சு அரை நாளில வேலையை முடிச்சனாங்கள்.

இப்ப கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் பொறியியற்பீடம் இருக்கு. என்ர மருமகன் அங்க. அவனிட்டக் கேட்டன், "பின்னேரம் எங்கயடா நிக்கிறனீங்கள்?" எண்டு. "மாமா, நிழல் இருக்கிற இடத்தில" எண்டான். வன்னி வெயில் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும். மெஷின் பிறகு வாங்கலாம், முதல்ல ரெண்டு மரத்தை நடுங்கோ, கீழ இருக்க வாங்கு (பெஞ்சு) போடுங்கோ, ஒரு பிளக் பொயின்டும் வையுங்கோ.

---

நூலக_மூலை

இவ்வளவு பேசினதுல யாரும் டிராஃப்டரைப் பத்திப் பேசல.

முதல் வருசம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்கு, போர்டுல மாட்டிக் கோடு போடுற மினி டிராஃப்டர் வாங்குறோம். ஒரே செமஸ்டர். அப்புறம் அது ஹாஸ்டல் பரண்ல, இல்லன்னா வீட்டுல கட்டிலுக்கு அடியில. அதே மாதிரி ஒர்க்ஷாப் காக்கிச் சட்டை, லேப் கோட், சயின்டிஃபிக் கால்குலேட்டர். ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் 600 பேர் புதுசா வாங்குறாங்க, 600 பழசு தூங்குது. முதல் பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாரம் செலவு மேல செலவு. என் அப்பா டிராஃப்டருக்குப் பணம் அனுப்ப மூணு நாள் ஆச்சு, அந்த மூணு நாள் நான் கிளாஸுக்கு வெளியில நின்னேன். அதனால எனக்கு இது மறக்காது.

எங்க காலேஜ்ல நூலகர் ஒரு இரும்பு பீரோ குடுத்தாங்க. ரெண்டாம் வருசம் வந்ததும் டிராஃப்டரை அதுல போடுவோம். ஒரு நோட்டு, பேர் எழுதி எடுத்துட்டுப் போகலாம், செமஸ்டர் முடிஞ்சதும் திருப்பித் தரணும். சாவி ரெண்டு, ஒண்ணு நூலகர்கிட்ட, ஒண்ணு எங்ககிட்ட. நாலு வருசமா ஓடுது. திரும்பி வராதது உண்டு, அதே அளவுக்கு யாரோ பேர் சொல்லாம வெச்சுட்டுப் போனதும் உண்டு.

நூல்கண்டு, முதல்ல இந்த மாதிரி ஒரு பீரோ கேளுங்க. லேசர் கட்டரைக் கேட்டா பயப்படுவாங்க, பீரோவுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க.

---

கிண்டிக்காரன்

மூலை, இதுக்கு ஒரு சல்யூட். இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இதுதான். என் மரத்தடி பெஞ்சு உட்பட மத்ததெல்லாம் கதை.

---

உதவிப்பேரா

இன்னொரு சிறு தகவல், பிரின்சிபாலிடம் சொல்ல உதவும். ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறைகளுக்கு உலகம் முழுக்க ஒரு வலையமைப்பு இருக்கிறது. எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998இல் தொடங்கிய ஒரு வகுப்பிலிருந்து வளர்ந்தது. எம்.ஐ.டி.க்கு வெளியே அமைந்த முதல் சில லேப்களில் ஒன்று எங்கே தெரியுமா? புனே அருகே பாபல் கிராமத்தில், எஸ்.எஸ். கல்பாக் என்ற விஞ்ஞானி 1983இல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமத்தில், 2002இல். பெரிய பல்கலைக்கழகம் இல்லை, பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம்.

அந்த வலையமைப்பின் சாசனம் ஒரு பக்கம்தான். லேப் ஒரு சமுதாயச் சொத்து, தனி ஆட்களுக்குத் திறந்த நேரமும் வகுப்புகளுக்கு ஒதுக்கிய நேரமும் உண்டு என்கிறது. பயன்படுத்துபவர் கடமை மூன்று: ஆளையும் மிஷினையும் காயப்படுத்தாதே, சுத்தம் செய்து பராமரிக்க உதவு, கற்றதை எழுதி வைத்து அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடு. இதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினால் நாலு கையெழுத்துப் படிவம் தேவைப்படாது.

---

பேக்கேஜ்_பாண்டி

சரி, நான் ஒத்துக்கிறேன், டிராஃப்டர் பீரோ நல்ல ஐடியா. என்னோடது இன்னும் வீட்டுல கிடக்கு, யாருக்கு வேணும்?

---

நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றிங்க. ஐந்து வாரம் கழிச்சு வர்றேன், நடந்ததைச் சொல்றேன்.

பிரின்சிபாலைப் பாத்தோம். 24 மணி நேரம் கேக்கல. பிட்டர் ஐயா சொன்ன மாதிரி உடையறதுக்கும் தொலையறதுக்கும் ஒரு தாள் கேட்டோம். முதல்ல சிரிச்சாரு. அப்புறம் சாவி வெச்சிருக்கிற சாரைக் கூப்பிட்டு, "ஏன்யா திறக்கிறதில்ல?"ன்னு கேட்டாரு. அவரு சொன்னாரு பாருங்க, "ஏற்கெனவே ஒரு மல்டிமீட்டர் காணோம்ங்க சார், நான் என் காசுல வாங்கி வெச்சேன்." எங்க ஏழு பேருக்கும் மூஞ்சி செத்துப் போச்சு. பதினோரு மாசமா அவரைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

பிரின்சிபால் வருசத்துக்கு எட்டாயிரம் வரைக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. செவ்வாய், வியாழன் மத்தியானம் 12:30ல இருந்து 1:30 வரைக்கும் திறக்கலாம். சாப்பாட்டு நேரம், ஆனா பஸ்ல வர்றவங்களுக்கும் ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கும் அதுதான் வசதி. மீனா அக்கா சொன்ன கழிப்பறைப் பூட்டையும் எடுத்தாச்சு, அதுக்கு மட்டும் ஒரு கையெழுத்தும் தேவைப்படல. சனிக்கிழமை முடியாதுன்னுட்டாரு. லேசர் கட்டரை, சார் பக்கத்துல இருந்தா மட்டும் தொடலாம்.

முதல் செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்தாங்க. ஒருத்தன் போன் சார்ஜ் போட வந்தான். சரி, சும்மா வந்து நிக்க முடியுதுல்ல, கிண்டிக்காரண்ணா.

பிரிண்டர்ல போட்டு வெச்ச ஃபிலமெண்ட் பதினோரு மாசம் ஈரம் குடிச்சு, தொட்டா அப்பளம் மாதிரி உடையுது. நாஸில்ல போனா பட்டு பட்டுனு வெடிக்குது. 45 டிகிரியில ஆறு மணி நேரம் காய வெச்சு ஒரு சுருளை மட்டும் காப்பாத்தினோம். முதல் பிரிண்ட் பிள்ளையார்தாங்க, பாண்டி அண்ணா மன்னிக்கணும்.

டிராஃப்டர் பீரோவும் கிடைச்சுது. இப்ப வரைக்கும் 23. சனிக்கிழமை கணபதி அண்ணன் பட்டறையில இரும்புச் சுருள் கூட்டுறோம்.

---

பழைய_பிட்டர்

நல்லது தம்பி. அந்த சாருக்கு மல்டிமீட்டர் காசைத் திருப்பிக் குடுக்க ஏற்பாடு பண்ணுங்க, எட்டாயிரத்துல முதல் செலவு அதுவா இருக்கட்டும்.

ரெண்டு விஷயம் சொல்லிடறேன். லேசர்ல சன்போர்டு வெட்டவே வெட்டாதீங்க. கடையில அந்தப் பேருல விக்கிறது பெரும்பாலும் பி.வி.சி. ஃபோம், ஃபிளெக்ஸ் பேனரும் அதே ஜாதி. எரிஞ்சா வர்ற வாயு ஈரத்தோட சேந்து ஆசிட் ஆகும், உங்க நுரையீரலையும் கெடுக்கும், மிஷினையும் அரிக்கும். அக்ரிலிக், பிளைவுட், அட்டை, அதோட நிறுத்துங்க.

லேத் பக்கம் துப்பட்டா, கைக்காப்பு, கயிறு, கையுறை எதுவும் வேண்டாம். கையுறை பாதுகாப்புன்னு நினைப்பாங்க, சுத்துற வேலையில அதுதான் கையை இழுத்துட்டுப் போகும். எல்லாத்துக்கும் மேல சக் சாவி, அதான் லேத்ல வேலைப் பொருளைக் கவ்வுற சக்கை இறுக்குற சாவி. அதைச் சக்ல மாட்டி வெச்சுட்டு நகர்ந்தா, அடுத்தவன் சுவிட்ச் போட்டதும் துப்பாக்கி குண்டு மாதிரி பறக்கும். கையை எடுத்தா சாவியும் வெளிய வரணும். அதுக்குன்னு சுவத்துல ஒரு ஆணி, ஆணியைச் சுத்தி சிவப்பு பெயிண்ட், தூரத்துல இருந்தே தெரியணும். ஆணி அடிச்சாச்சா?

---

நூல்கண்டு

பெயிண்ட் வாங்கியாச்சுங்க ஐயா. ஆணியும் இருக்குது. சுத்தியல் சென்ட்ரல் ஸ்டோர்ல பூட்டியிருக்குது, கடிதம் குடுத்திருக்கோம், ரெண்டு கையெழுத்து ஆச்சு.